இரும்பின் தயக்கத்தை அளந்தவர்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 முறை சுழல்கிறது. அமெரிக்காவில் 60 முறை. ஜப்பான் ஒரே நாடுதான். ஆயினும் அதன் கிழக்குப் பகுதியில் 50, மேற்குப் பகுதியில் 60. இந்த எண்ணுக்கு அதிர்வெண் என்று பெயர். இதன் அலகு ஹெர்ட்ஸ். பள்ளியிலேயே படித்தோம், தேர்வில் எழுதினோம், மறந்தும் போனோம். ஆனால் 60-க்கென்று செய்த கருவியை 50-இல் மாட்டினால் என்ன ஆகும், ஏன் ஆகும் என்று எவரேனும் கேட்டால் நம்மில் பலர் விழிப்போம்.

அந்தக் கேள்விக்குக் காகிதத்தில் கணக்குப் போட்டு விடை காணும் வழியைக் காட்டிய முன்னோடிகளுள் தலையாயவர் சார்லஸ் புரோட்டியஸ் ஸ்டைன்மெட்ஸ். எடிசனை அறிவோம், டெஸ்லாவை அறிவோம். இவரை நாம் அவ்வளவாக அறியோம். அறிந்துகொள்ள வேண்டிய மேதை என்பதாலும், என் குடும்பத் தொழிலோடு இவருக்கு ஓர் உறவு உண்டு என்பதைச் சென்ற ஆண்டு கண்டுகொண்டதாலும், இம்மலருக்கு இவர் வாழ்க்கையை எழுதத் துணிந்தேன்.

பிறப்பும் இளமையும்

1865-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள், அன்றைய பிரஷ்ய நாட்டைச் சேர்ந்த பிரெஸ்லாவ் நகரில் ஸ்டைன்மெட்ஸ் பிறந்தார். அந்நகர் இன்று வ்ரோட்ஸ்வாஃப் என்ற பெயரில் போலந்து நாட்டில் இருக்கிறது. பெற்றோர் இட்ட பெயர் கார்ல் ஆகஸ்ட் ருடால்ஃப். தந்தையார் ரயில்வேயில் கல்லச்சுத் தொழில் செய்தவர். குழந்தைக்கு ஒரு வயதாகும்போதே தாயார் இறந்துவிட்டார். பாட்டியின் கையில் வளர்ந்தார்.

பிறவியிலேயே அவருக்கு முதுகு கூனியிருந்தது. இடுப்பு எலும்பும் சரியாக அமையவில்லை. தந்தைக்கும் பாட்டனாருக்கும் இருந்த அதே குறை. வளர்ந்து ஆளான பின்னும் அவர் உயரம் ஏறத்தாழ நான்கடிதான். உடல் இவ்வாறிருக்க, அறிவோ வேறு விதமாக இருந்தது. 1883-இல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து கணிதமும் இயற்பியலும் வேதியியலும் பயின்றார். அங்குள்ள மாணவர் கணிதச் சங்கத்தில் தோழர்கள் அவருக்குப் புரோட்டியஸ் என்று பட்டப்பெயர் சூட்டினார்கள். புரோட்டியஸ் என்பவன் கிரேக்கக் கதைகளில் வரும் கடல் கிழவன். நினைத்த உருவம் எடுப்பவன். எல்லா இரகசியங்களும் அறிந்தவன். கேலியும் மதிப்பும் கலந்த அந்தப் பெயரை அவர் வெறுக்கவில்லை. பிற்காலத்தில் அமெரிக்கக் குடிமகனானபோது, தம் பழைய நடுப்பெயர்களை நீக்கிவிட்டு அதையே வைத்துக்கொண்டார்.

மாணவராக இருந்தபோதே அவர் பொதுவுடைமைக் கொள்கையில் பற்றுக் கொண்டார். ஜெர்மனியில் பிஸ்மார்க்கின் ஆட்சி 1878-இல் இயற்றிய சட்டம் அக்கொள்கையாளரை ஒடுக்கி வந்த காலம் அது. தோழர்களின் பத்திரிகைக்கு எழுதினார். அதை நடத்தவும் உதவினார். காவல்துறையின் கண் அவர் மீது விழுந்தது. டாக்டர் பட்டத்துக்கான ஆய்வேடு முடியும் நிலையில், 1888-இல் ஊரை விட்டுத் தப்பி ஸ்விட்சர்லாந்தின் சூரிச் நகருக்குப் போனார். பட்டம் கையில் வரவில்லை. பிறந்த மண்ணில் மீண்டும் வாழும் வாய்ப்பும் வரவில்லை.

துறைமுகத்தில் நின்றவர்

சூரிச்சில் ஓராண்டு பொறியியல் பயின்றார். அங்கே அறிமுகமான நண்பர் ஆஸ்கர் ஆஸ்முசென் அமெரிக்கா புறப்பட்டபோது ஸ்டைன்மெட்ஸும் உடன் சென்றார். 1889 ஜூன் மாதம் கப்பல் நியூயார்க்கை அடைந்தது.

குடியேறுவோரைச் சோதிக்கும் அதிகாரிகள் முன் அவர் நின்ற நிலையை எண்ணிப் பாருங்கள். வயது 24. கூன் முதுகு. கையில் பணம் இல்லை. ஆங்கிலம் சரியாக வராது. வேலை இல்லை. இந்த மனிதர் நாட்டுக்குச் சுமையாகத்தான் இருப்பார் என்று அதிகாரிகள் நினைத்தார்கள். திருப்பி அனுப்பவும் எண்ணினார்கள். ஆஸ்முசென் குறுக்கிட்டுத் தம் நண்பருக்குத் தாமே பொறுப்பு என்று உறுதி சொன்னார். அதன் பிறகே வழி விட்டார்கள். ஒரு நண்பரின் வாய்மொழி இல்லாதிருந்தால் மின்பொறியியலின் வரலாறே வேறு விதமாக எழுதப்பட்டிருக்கும்.

சில நாட்களில் யாங்கர்ஸ் நகரில் ருடால்ஃப் ஐக்மேயர் என்பவரின் தொழிற்சாலையில் வரைவாளராக வேலை கிடைத்தது. ஐக்மேயரும் ஜெர்மனியிலிருந்து அரசியல் காரணமாக வந்து குடியேறியவரே. தொப்பி செய்யும் இயந்திரங்களால் பொருள் ஈட்டியவர். பின்னர் மின்மோட்டார்களில் நாட்டம் கொண்டவர். இளைஞரின் திறமையை விரைவிலேயே உணர்ந்து, வரைபலகையிலிருந்து எழுப்பி, ஒரு சிறு ஆய்வுக்கூடத்தை அமைத்து அதில் அமர்த்தினார்.

இரும்பு ஏன் சுடுகிறது?

அக்காலத்தில் மாறுதிசை மின்னோட்டம் புதிதாகப் பரவிக்கொண்டிருந்தது. மோட்டாரும் மின்மாற்றியும் செய்வோருக்கு ஒரு தலைவலி இருந்தது. செய்து முடித்து ஓட்டிப் பார்த்தால் உள்ளே இருக்கும் இரும்பு சூடேறியது. எவ்வளவு சூடேறும் என்பதைச் செய்வதற்கு முன்பே சொல்லப் போதுமான கணக்கு இல்லை. ஓட்டிப் பார், எரிந்தால் இன்னும் கொஞ்சம் இரும்பு சேர், மறுபடி ஓட்டிப் பார். இதுவே வழக்கமாக இருந்தது.

சூட்டின் ஒரு காரணத்துக்கு முன்பே பெயர் வைத்திருந்தார்கள். இரும்பை ஒரு திசையில் காந்தமாக்கி, பிறகு எதிர்த்திசையில் காந்தமாக்கினால் அது உடனே திரும்புவதில்லை. சற்றுத் தயங்கித்தான் திரும்புகிறது. தயங்குவதை இழுத்துத் திருப்ப ஆற்றல் செலவாகிறது, அவ்வாற்றல் வெப்பமாகிறது. இதைத்தான் நம் பாடநூல் காந்தத் தயக்கம் என்கிறது. ஆங்கிலத்தில் ஹிஸ்டெரிசிஸ் என்ற சொல்லை ஆக்கியவர் யூவிங் என்ற ஸ்காட்லாந்து அறிஞர். 1881-இல் அவர் அச்சொல்லைப் படைத்தபோது பணியாற்றிய இடம் டோக்கியோ பல்கலைக்கழகம்.

யூவிங்கின் அளவீடுகளை ஸ்டைன்மெட்ஸ் எடுத்துக்கொண்டார். அவற்றுக்குள் ஒளிந்திருந்த ஒழுங்கைக் கண்டார். பின்னர்த் தாமே பலவகை இரும்பிலும் எஃகிலும் அளந்து சரிபார்த்தார். ஒரு சுழற்சியில் தயக்கத்தால் வீணாகும் ஆற்றல், காந்தப் பாய அடர்த்தியின் 1.6 அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது என்பதே அவர் கண்ட விதி. 1892 ஜனவரி 19-ஆம் நாள் நியூயார்க்கில் அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தின் முன் இதைப் படித்தார். அமெரிக்க மண்ணில் காலடி வைத்து மூன்று ஆண்டுகூட நிறையவில்லை. அன்றே அவர் பெயர் மின்பொறியாளர்களிடையே நிலைபெற்றது.

அதிர்வெண் மாறினால்

இந்த விதியை வைத்துக்கொண்டு முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம்.

மின்மாற்றியின் முதன்மைச் சுருளில் வோல்ட் கொடுக்கிறோம். இரும்பினுள் காந்தப் பாயம் ஏறி இறங்குகிறது. பாயம் மாறும் வேகமே சுருளில் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி, கொடுத்த வோல்ட்டைத் தாங்கி நிற்கிறது. இது ஃபாரடேயின் விதி. இதை நம் ஊர்க் கவலை இறைப்போடு ஒப்பிடலாம். ஒரு மணி நேரத்தில் 60 சால் இறைத்து ஒரு வயலை நனைக்கிறோம். மாடு தளர்ந்து 50 சால்தான் இறைக்க முடிகிறது என்றால், அதே வயல் நனைய ஒவ்வொரு சாலிலும் ஐந்தில் ஒரு பங்கு நீர் கூடுதலாக வர வேண்டும். மின்மாற்றியிலும் அப்படியே. 60 ஹெர்ட்ஸ் 50 ஆனால், அதே வோல்ட்டைத் தாங்க ஒவ்வொரு சுழற்சியிலும் காந்தப் பாயம் 1.2 மடங்காக வேண்டும்.

இப்போது 1.6 விதி வருகிறது. 1.2-இன் 1.6 அடுக்கு ஏறத்தாழ 1.34. அதாவது ஒவ்வொரு சுழற்சியிலும் தயக்கத்தால் வரும் இழப்பு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. சுழற்சிகளின் எண்ணிக்கையோ ஆறில் ஒரு பங்கு குறைகிறது. இரண்டையும் பெருக்கினால், தயக்கத்தால் வரும் வெப்பம் நூற்றுக்குப் பன்னிரண்டு அளவு கூடுகிறது. இரும்பில் வெப்பம் தரும் மற்றொரு காரணமான சுழல் மின்னோட்டம், வோல்ட் மாறாதவரை, ஏறத்தாழ அப்படியே இருக்கிறது.

பன்னிரண்டு விழுக்காடுதானே, தாங்கிக்கொள்ளாதா என்று தோன்றும். தாங்கும். ஆனால் சாலுக்கு ஒரு கொள்ளளவு உண்டல்லவா? இரும்புக்கும் உண்டு. அதுவே தெவிட்டு நிலை. அதற்கு மேல் காந்தப் பாயத்தைச் சிறிது கூட்டவும் மின்னோட்டம் பெருமளவு பாய வேண்டும். சிக்கனமாகச் செய்த மின்மாற்றி 60-இலேயே அந்த விளிம்பில் ஓடிக்கொண்டிருக்கும். அதை 50-இல் மாட்டினால் விளிம்பைத் தாண்டிவிடும். எந்தச் சுமையும் இணைக்காமலே சுருள் கொதிக்கும், இரும்பு இரையும், கடைசியில் வார்னிஷ் கருகும். நேர்மாறாக, 50-க்கென்று செய்த மின்மாற்றியை அதே வோல்ட்டில் 60-இல் மாட்டினால் இரும்புக்கு ஓய்வுதான். ஆனால் மோட்டார்கள் ஐந்தில் ஒரு பங்கு வேகமாக ஓடும். மின்சுழற்சியை எண்ணி ஓடும் 50 ஹெர்ட்ஸ் கடிகாரம் 60-இல் மணிக்குப் 12 நிமிடம் முந்தும். 60 ஹெர்ட்ஸ் கடிகாரம் 50-இல் மணிக்குப் 10 நிமிடம் பிந்தும்.

அப்பாவின் ஏழு

இங்கே என் சொந்தச் செய்தி ஒன்றைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். என் அப்பா மோட்டார், ஸ்டெபிலைசர் காயில் கட்டும் தொழிலாளி. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவர். விடுமுறையில் நான் கடையில் ஸ்டாம்பிங் தகடுகளை அடுக்கித் தருவேன்.

மின்மாற்றி கட்ட அவருக்கு ஒரு கணக்கு உண்டு. தகட்டின் நடுக்கால் அகலத்தையும் அடுக்கின் கனத்தையும் அங்குலத்தில் அளந்து பெருக்குவார். 7-ஐ அந்தப் பெருக்குத்தொகையால் வகுப்பார். கிடைப்பது ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்பது. இதை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவருடைய மேஸ்திரி. மேஸ்திரிக்கு அவருடைய மேஸ்திரி. ஏன் ஏழு என்று யாரும் கேட்டதில்லை.

சென்ற ஆண்டு எங்கள் தெருக்காரர் ஒருவர் சவூதியிலிருந்து ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். 220 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று அதன் முதுகில் எழுதியிருந்தது. வோல்ட் ஏறத்தாழ நம் ஊர் வோல்ட்தானே என்று மாட்டினார்கள். மூன்றாம் நாள் புகை வந்தது. அப்பா அதன் மின்மாற்றியைப் பிரித்துச் சுற்றுகளை எண்ணினார். நடுக்கால் பரப்பு ஒன்றே முக்கால் சதுர அங்குலம். அவர் கணக்குப்படி வோல்ட்டுக்கு 4 சுற்று இருக்க வேண்டும். இருந்ததோ மூன்றேகாலுக்குச் சற்றே மேல். செய்தவன் செம்புக் கம்பியில் கை வைத்துவிட்டான் என்று அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

எனக்கு அந்தத் தீர்ப்பில் மனம் ஒப்பவில்லை. விடுதிக்குத் திரும்பியதும் நூலகத்தில் மின்மாற்றிச் சமன்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு அப்பாவின் ஏழைத் தேடினேன். அதிர்வெண்ணுக்கு 50 என்றும், காந்தப் பாய அடர்த்திக்கு 1 டெஸ்லா என்றும் இட்டு, பரப்பைச் சதுர அங்குலத்துக்கு மாற்றினால் 6.98 வருகிறது. அதுதான் அப்பாவின் ஏழு! அந்த ஏழுக்குள் நம் நாட்டின் 50 ஹெர்ட்ஸ் ஒளிந்திருந்தது. 60 ஹெர்ட்ஸ் என்று இட்டால் ஏழு மறைந்து 5.8 வருகிறது. அதை ஒன்றே முக்காலால் வகுத்தால் மூன்றேகாலுக்குச் சற்றே மேல். செய்தவன் யாரையும் ஏமாற்றவில்லை. அவன் மின்மாற்றி 60-க்கு நேர்மையாகக் கட்டிய மின்மாற்றி. நம் ஊரின் 50-உம், 220-க்குப் பதில் 230 வோல்ட்டும் சேர்ந்து, அதன் இரும்பை நாலில் ஒரு பங்கு அதிகமாக வேலை வாங்கிவிட்டன.

அடுத்த விடுமுறையில் இதை அப்பாவிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அந்த 60-க்கான எண்ணைக் கடைச் சுவரில் எழுதி வைக்கச் சொன்னார். அந்தப் பழைய மின்மாற்றியை நாலு சுற்றுக்கு ஒரு சுற்று வீதம் கூட்டிக் கட்டினார். சுற்று கூடினால் அதே இடத்தில் அடங்கக் கம்பி மெலிய வேண்டும்; ஆகையால் பெட்டியை முழு ஒலியில் வைக்க வேண்டாம் என்று உரியவரிடம் சொல்லி அனுப்பினார். அது இன்றும் பாடிக்கொண்டிருக்கிறது.

ஏழு என்ற அந்த எண்ணை ஸ்டைன்மெட்ஸ் தந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. சுற்றுக்கும் வோல்ட்டுக்கும் உள்ள உறவு ஃபாரடேயிடமிருந்து வருவது. ஆனால் இரும்பை எந்த அளவு வேலை வாங்கலாம், வாங்கினால் எவ்வளவு சுடும் என்பதை முன்கூட்டியே எண்ணால் சொல்ல முடியும் என்று காட்டியவர் அவர். மேஸ்திரிகள் வழியாகக் கைமாறி வந்த சுருக்கக் கணக்குக்குப் பின்னால் இத்தகைய ஆய்வுகளே நிற்கின்றன.

கலப்பெண்களின் துணை

1893-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் ஐக்மேயரின் தொழிலை வாங்கியது. அதனோடு ஸ்டைன்மெட்ஸும் அந்நிறுவனத்துக்குப் போனார். 1894 முதல் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி நகரமே அவருக்கு ஊராயிற்று.

அதே 1893-இல் சிகாகோவில் நடந்த அனைத்துலக மின்னியல் மாநாட்டில் தம் இரண்டாவது பெருங்கொடையை வழங்கினார். மாறுதிசை மின்சுற்று ஒன்றைக் கணக்கிட அன்றைய பொறியாளர் வகைக்கெழுச் சமன்பாடுகளோடு போராட வேண்டியிருந்தது. ஸ்டைன்மெட்ஸ் கலப்பெண்களைக் கொண்டு அதை எளிய கூட்டல், பெருக்கல் கணக்காக மாற்றினார். நாம் செய்முறை வகுப்பில் மின்தடை, மின்தூண்டி, மின்தேக்கி மூன்றையும் தொடரில் இணைத்து மின்னெதிர்ப்புக் காண்கிறோமே, அந்த வழியைப் பரப்பியவர் இவர்தான். கென்னலி என்ற பொறியாளரும் அதே ஆண்டில், சில மாதங்கள் முன்னதாக, இவ்வழியைச் சுட்டியிருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அதைப் பாடமாக்கி, நூலாக்கி, ஒரு தலைமுறைப் பொறியாளருக்கே கற்பித்தவர் ஸ்டைன்மெட்ஸ். 1897-இல் வெளிவந்த அவருடைய மாறுதிசை மின்னோட்ட நூல் பல பதிப்புகள் கண்டது.

இந்தக் கணக்கிலும் அதிர்வெண் முன்வரிசையில் நிற்கிறது. மின்தூண்டியின் எதிர்ப்பு அதிர்வெண்ணுக்கு நேர்விகிதம். மின்தேக்கியின் எதிர்ப்பு அதற்கு எதிர்விகிதம். குழல்விளக்கின் பழைய இரும்புச் சோக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 60-க்கென்று செய்த சோக்கை 50-இல் மாட்டினால் அதன் எதிர்ப்பு ஆறில் ஒரு பங்கு குறைகிறது, குழலில் மின்னோட்டம் மிகுகிறது, சோக்கு சுடுகிறது. அதிர்வெண் மாற்றத்தின் விளைவை இவ்வாறு ஒவ்வோர் உறுப்பிலும் பென்சிலால் கண்டுபிடிக்கலாம்.

ஏன் ஒரே எண் இல்லை?

ஸ்டைன்மெட்ஸ் தொழிலுக்கு வந்த காலத்தில் அதிர்வெண் என்பது அவரவர் விருப்பம். அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் முதலில் நொடிக்கு 133 சுழற்சிக்குச் சற்று மேலாகவும், வேறு சில இடங்களில் 125 ஆகவும் மின்சாரம் தந்தார்கள். அதிர்வெண் மிகுந்தால் மின்மாற்றி சிறிதாகச் செய்யலாம், விளக்கும் துடிக்காது. ஆனால் மோட்டார்கள் சரியாக ஓடா. நெடுந்தூரக் கம்பியில் வோல்ட் இழப்பும் மிகும். நயாகரா அருவியில் 1895-இல் தொடங்கிய பெரிய மின்நிலையம் 25-ஐத் தேர்ந்தெடுத்தது. பெரிய இயந்திரங்களுக்கு அது ஏற்றது. விளக்குகளோ கண்ணுக்குத் தெரியும்படி துடித்தன. இரண்டுக்கும் இடையில் ஒரு சமரசமாக அமெரிக்காவில் 60-உம், ஜெர்மனியில் 50-உம் வேரூன்றின. 60-ஐத் தேர்ந்தவர் ஸ்டைன்மெட்ஸ் என்று சொல்ல முடியாது. அது வெஸ்டிங்ஹவுஸ் பொறியாளர்களின் தேர்வு. எந்த எண் வந்தாலும் அதன் இலாப நட்டத்தை எடைபோடும் தராசைத் தந்தவர் என்று சொல்லலாம்.

ஒருமுறை வேரூன்றிய எண்ணைப் பிடுங்குவது எளிதன்று. தெற்குக் கலிபோர்னியா 50-லிருந்து 60-க்கு மாறியது 1948-இல். கனடாவின் ஒன்டாரியோ 25-லிருந்து 60-க்கு மாற 1949 முதல் 1959 வரை பத்தாண்டு பிடித்தது. வீடு வீடாகச் சென்று மோட்டார்களை மாற்ற வேண்டியிருந்தது. ஜப்பானில் 1890-களில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்து 50 ஹெர்ட்ஸ் இயந்திரத்தையும், ஒசாகா அமெரிக்காவிலிருந்து 60 ஹெர்ட்ஸ் இயந்திரத்தையும் வாங்கின. அன்று விழுந்த பிளவு இன்றும் ஒட்டவில்லை. 2011 மார்ச்சில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் கிழக்கு ஜப்பானின் மின்நிலையங்களை முடக்கியபோது, மேற்கில் மின்சாரம் இருந்தும் அதிர்வெண்ணை மாற்றி அனுப்பும் நிலையங்கள் வழியே சுமார் 1,000 மெகாவாட் அளவே கிழக்குக்குத் தர முடிந்தது. காந்தத் தயக்கத்துக்குப் பெயர் சூட்டிய ஊரே அதிர்வெண்ணால் இவ்வாறு தவித்தது.

நம் தென்னக மின்தொகுப்பும் இத்துன்பத்தை அறியாததன்று. மின்பற்றாக்குறை மிகுந்த ஆண்டுகளில் அதிர்வெண் 49-க்கும் கீழே இறங்கிக் கிடந்ததுண்டு. 2003 ஜனவரியில், அதிர்வெண் குறையும் நேரத்தில் கூடுதலாக இழுக்கும் மாநிலம் கூடுதல் விலை தரவேண்டும் என்ற கட்டண முறை தென்மண்டலத்துக்கு வந்த பிறகே நிலைமை சீர்பட்டது.

ஸ்கெனெக்டடியின் மேதை

நிறுவனத்தில் ஸ்டைன்மெட்ஸின் மதிப்பு வளர்ந்துகொண்டே போனது. 1901-02-இல் அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தின் தலைவரானார். 1902-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் சிறப்புப் பட்டம் வழங்கியது. அதே ஆண்டு முதல் உள்ளூரிலிருந்த யூனியன் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியராகவும் பாடம் நடத்தினார். அவர் பெயரில் பதிவான காப்புரிமைகள் 200-ஐ எட்டின.

தம் உடற்குறை அடுத்த தலைமுறைக்குப் போகக்கூடாது என்று அவர் மணம் செய்துகொள்ளவில்லை. ஆய்வுக்கூட உதவியாளரான ஜோசப் ஹேடனை மகனாகத் தத்தெடுத்தார். ஹேடனின் மனைவியும் மூன்று பிள்ளைகளும் அவர் வீட்டிலேயே வாழ்ந்தார்கள். தாத்தா என்று அழைக்கப் பேரப்பிள்ளைகள் கிடைத்தார்கள். வீட்டை ஒட்டிய கண்ணாடிக் கூடத்தில் கள்ளிச் செடிகள் வளர்த்தார். கோடையில் மோஹாக் ஆற்றில் சிறு படகில் மிதந்தபடி, குறுக்கே ஒரு பலகையை வைத்து, மடக்கை அட்டவணையோடு கணக்குப் போடுவார். நெடுநேரம் நாற்காலியில் உட்கார அவர் முதுகு இடம் தராததால் முழந்தாளிட்டு வேலை செய்வதே அவருக்கு வசதி.

1920-இல் அவருடைய ஆற்றங்கரைக் குடிலில் மின்னல் தாக்கி ஒரு கண்ணாடி நொறுங்கியது. சிதறிய துண்டுகளைப் பொறுக்கி ஒட்டவைத்து, மின்னல் பாய்ந்த தடத்தை ஆராய்ந்தார். 1922-இல் ஒரு லட்சத்து இருபதாயிரம் வோல்ட்டில் செயற்கை மின்னலை உண்டாக்கிக் காட்டினார். மின்கம்பிகளை இடியிலிருந்து காக்கும் கருவிகளைச் சோதிக்க அது உதவியது.

பெரிய நிறுவனத்தில் பெரிய சம்பளம் வந்தபோதும் இளமையில் கொண்ட கொள்கையை அவர் கைவிடவில்லை. 1911-இல் ஸ்கெனெக்டடி நகராட்சி பொதுவுடைமையாளர் கைக்கு வந்தபோது கல்விக் குழுவில் இடம்பெற்று அதன் தலைவருமானார். ஆலைத் தொழிலாளரின் பிள்ளைகளும் வெளிநாட்டிலிருந்து குடியேறியவரின் பிள்ளைகளும் நிறைந்த ஊர் அது. பள்ளிகளில் இடம் போதவில்லை. புதிய பள்ளிக் கட்டடங்கள் எழவும், கற்பதில் குறையுள்ள பிள்ளைகளுக்குத் தனி வகுப்புகள் நடக்கவும் பாடுபட்டார். நாட்டுக்குச் சுமை என்று கருதப்பட்டவர், பிறர் பிள்ளைகளுக்குக் கல்விக் கதவைத் திறந்து வைத்தார்.

1923 அக்டோபர் 26-ஆம் நாள், 58-ஆம் வயதில், ஸ்கெனெக்டடியிலேயே காலமானார். அவ்வூர் வேல் இடுகாட்டில் அடக்கமாகியிருக்கிறார்.

இன்றும் வாழும் விதி

1.6 என்ற எண் எல்லா இரும்புக்கும் பொருந்தாது என்பது பின்னர்த் தெரிந்தது. புதிய எஃகுகளில் அந்த அடுக்கு மாறுகிறது. தெவிட்டு நிலையை நெருங்கினால் விதியே தளர்கிறது. ஆயினும் அடிப்படை வடிவம் அழியவில்லை. இன்றைய கைப்பேசி, மடிக்கணினி மின்னேற்றிகளில் 50/60 ஹெர்ட்ஸ் என்று இரண்டும் எழுதியிருப்பதைக் காணலாம். வரும் மின்சாரத்தை அவை முதலில் நேர்த்திசை மின்னோட்டமாக்கிவிடுகின்றன. பிறகு நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி ஒரு சிறு மின்மாற்றிக்குக் கொடுக்கின்றன. ஆகவே வெளியே 50 ஆனாலும் 60 ஆனாலும் அவற்றுக்குக் கவலையில்லை. அந்தச் சிறு மின்மாற்றியின் ஃபெரைட் உள்ளகம் எவ்வளவு சுடும் என்று கணக்கிட இன்றைய பொறியாளர் எடுப்பது, அதிர்வெண்ணும் காந்தப் பாய அடர்த்தியும் அடுக்குகளாக வரும் ஒரு சமன்பாடு. அதற்கு இன்றும் ஸ்டைன்மெட்ஸ் சமன்பாடு என்றே பெயர்.

மாணவ நண்பர்களே, நம்மில் பலர் நம் குடும்பங்களில் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவர்கள். நம் வீட்டுப் பெரியவர்களின் கைகளில் எத்தனையோ கணக்குகள் காரணம் சொல்லப்படாமல் கிடக்கின்றன. தறியிலும் கொல்லுப்பட்டறையிலும் வயலிலும் அவை இருக்கின்றன. அவை தவறானவை அல்ல. அவை எந்த எல்லைக்குள் சரி என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். எரித்துப் பார்த்து அறிந்ததை எண்ணிப் பார்த்து அறியும்படி செய்தவர் ஸ்டைன்மெட்ஸ். நாம் படிக்கும் இயற்பியலுக்கு அதைவிடப் பெரிய பயன் எனக்குத் தெரியவில்லை.